ஆறு தடவை டிரைவர் இலவசம்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. பெருமையான பிறப்பு இல்லை, ஆனாலும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் கார் இன்சூரன்ஸ் முடியப் போகிறது என்று சொல்ல, தேனாம்பேட்டையிலிருந்து அஜித்குமார் என்ற ஏஜென்ட் கூப்பிட்டார்.

"சார், இந்தக் கம்பெனில போட்டா வருசத்துக்கு ஆறு வாட்டி டிரைவர் ஃப்ரீ. போன் பண்ணா வூட்டாண்ட வந்து வண்டிய எடுத்துக்கினு போவான். கார் வாஷ் வேற கீது. வேற எவன் சார் குடுப்பான்?"

"ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா ஒழுங்கா பணம் தருவாங்களா?"

"அத்த இன்னாத்துக்கு சார் இப்போ பேசிக்கினு? நல்லதா நாலு வார்த்த பேசு சார்."

இன்சூரன்ஸ் விற்கிறவரே விபத்தைப் பற்றிப் பேசாதே என்கிறார். இதில் ஒரு கதை இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். (முடிவெடுக்கப் பயந்து உட்கார்ந்தேன் என்பதுதான் சரி.)

2

முதல் தொடக்கம்: "சிம்ராவுக்குக் கார் ஓட்டப் பிடிக்காது, ஏனென்றால்—"

பொய். பிடிக்காமல் இல்லை, பயம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "சிம்ரா தினமும் மயிலாப்பூரிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குத் தன் அம்மா அஸ்மத்துன்னிசாவைக் காரில் அழைத்துப் போகிறாள். திரும்பும்போது பின்சீட்டில் அம்மா வாந்தி எடுப்பார். தலையைப் பிடித்துவிட சிம்ராவுக்குக் கை இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன."

இது நிற்கட்டும்.

* சிம்ரா என் மனைவி ஃபிர்தௌஸ்தான். அவள் அம்மி என்று கூப்பிடும் அம்மாவின் பெயரை மாற்றக்கூட எனக்குச் சோம்பல். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆட்டோவின் குலுக்கலை மாமியார் தாங்க மாட்டார்.

 காசு கொடுத்து டிரைவர் வைக்கலாமே என்பீர்கள். ஃபிர்தௌஸ் விட மாட்டாள். "நா இருக்க சொல்ல எதுக்கு தண்டச் செலவு?" என்பாள். இலவசமாக ஒருவன் வந்தால் மட்டும் பின்சீட்டில் உட்காருவாள். இலவசத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு. நமக்கு நாமே தராத அனுமதியை அது தந்துவிடும்.

3

இரண்டாவது கம்பெனி ஒன்று இருக்கிறது. ஒரு காலண்டர்கூடத் தராது. ஆனால் மழைத் தண்ணீர் இன்ஜினில் புகுந்தாலும், வண்டியே போனாலும் பணத்தை இழுத்தடிக்காது என்கிறார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் மெக்கானிக் மெஹபூப் அலியைக் கேட்டேன்.

"கண்ண மூடிக்கினு ரெண்டாவத போடு பாய்" என்றார்.

அவர் தலைக்கு மேல் புதுச் சுவர்க்கடிகாரம். அதில் அந்த இரண்டாவது கம்பெனியின் பெயர். யாரை நம்புவது, சொல்லுங்கள்.

காசையும் கட்டிவிட்டு, இது எனக்குப் பயன்படாமலே போகட்டும் என்று துஆ கேட்கும் பொருள் இன்சூரன்ஸ்தான். அதில் நாம் ஆசைப்பட்டுப் பயன்படுத்துவது அந்த இலவசத்தை மட்டும்தான். அதனால் இலவசத்தைப் பார்த்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இலவசம் நல்ல நாளில்தான் உதவும். கம்பெனி நல்லதா என்பது கெட்ட நாளில்தான் தெரியும்.

ஆக, சிம்ரா எடுக்கும் முடிவு சரியா என்று உங்களுக்குக் காட்ட வேண்டுமானால், நான் ஒரு கெட்ட நாளை எழுதியாக வேண்டும். எழுதினேன்:

"மழை. பாலத்தின் இறக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கார் நின்றுவிட்டது. பின்சீட்டில் அம்மா ஏதோ சொன்னார். சிம்ரா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த லாரி—"

நிறுத்திவிட்டேன்.

4

நிறுத்தியதை ஃபிர்தௌஸ் படித்துவிட்டாள்.

"இன்னாங்க இது? நாந்தானே?"

"இல்ல, சிம்ரா."

"பேர மாத்திட்டா வண்டி மாறிடுமா? அம்மிய உள்ள வெச்சுக்கினு லாரியக் கொண்டாறீங்க. வாயில நல்ல வார்த்தயே வராதா? மலக்கு ஆமீன் சொல்லிட்டுப் போயிடுவாங்க."

எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். நாம் எதைப் பேசினாலும் வானவர்கள் ஆமீன் சொல்லிவிடுவார்கள், அதனால் நல்லதைப் பேசு. (மாடிவீட்டு ராமானுஜம் வீட்டில் தேவதைகள் ததாஸ்து சொல்லுமாம். பயம் ஒன்றுதான்.)

"மொத கம்பெனியே போடுங்க" என்றாள். "ஆறு நாளாவது அம்மி தலைய மடில வெச்சுக்கறேன்."

"தண்ணி பூந்துட்டா?"

"பூராது. பூரும்னு நெனச்சு காசு கட்னா, வா வான்னு நாமளே கூப்ட்ட மாறி."

இது தப்பான கணக்கு என்று எனக்குத் தெரியும். பாலிசியைப் படித்துவிட்டு எந்த லாரியும் வருவதில்லை. ஆனால் எதிர்த்துப் பேச வாயைத் திறந்தால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்கும். பேசாமல் போய் அந்த வரியை அழித்தேன்.

(மேலே இன்னும் இருக்கிறதே என்கிறீர்களா? உங்கள் கண்ணில் பட்டது என்றால் அந்த வானவர்கள் காதிலும் விழுந்திருக்கும். எனக்கு அதுதான் பயம்.)

5

முடிவு ஒன்று: முதல் கம்பெனி. ஆறு தடவை டிரைவர் வந்தான். ஆறு தடவையும் அம்மியின் தலை மகளின் மடியில். வேறு எதுவும் நடக்கவில்லை. இதெல்லாம் ஒரு கதையா என்று எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பும். இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

முடிவு இரண்டு: இரண்டாவது கம்பெனி. அப்போதும் எதுவும் நடக்கவில்லை. அம்மி பின்சீட்டில் தனியாகவே—

முடிவு மூன்றை எழுத மாட்டேன்.

6

இன்றோடு பழைய பாலிசி முடிகிறது. மத்தியானத்திலிருந்து விடாத மழை. ஃபிர்தௌஸ் அம்மியை அழைத்துக்கொண்டு அடையாறு போயிருக்கிறாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டாள், அது நல்ல பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். திரையில் இரண்டு கம்பெனிகளின் பெயர்கள். எதைத் தொட விரலைக் கொண்டுபோனாலும் அந்த அழித்த வரிதான் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பயமாக இருக்கிறது.

என்னால் முடிக்க முடியாது, நீங்கள் முடித்துவையுங்கள். எந்தக் கம்பெனி என்பது உங்கள் இஷ்டம். கடைசி வரியில் மட்டும் கார் வாசலுக்கு வந்து நிற்கட்டும். அம்மி கண்ணாடியை இறக்கி, "மாப்ளே, கொட எங்க?" என்று கத்தட்டும். ஓட்டி வந்தவள் பெயரைச் சிம்ரா என்று எழுதிவிடாதீர்கள். ஃபிர்தௌஸ் என்று சரியாக எழுதுங்கள். எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆமீன் சொல்கிறவர்கள் உங்கள் பக்கமும் வருவார்கள்.