தம்மாமுக்குப் போன காலி டப்பா

கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குக் கல்யாணக் கார்டை எவனாவது ஆள் வசம் கொடுத்து விடுவானா? ஜஸ்டஸ் கொடுத்து விட்டான். மகள் சுபிதாவுக்குக் கல்யாணம். சவுதியின் தம்மாமிலிருந்து வந்து இறங்கி இரண்டு வாரமாகிறது, வீடோ அடுத்த தெரு. கார்டைக் கொண்டுவந்து நீட்டியது சபையில் மணி அடிக்கிறவர். அண்ணன் மனைவி ரெஜிலா அதை வாங்கி டிவி பக்கத்தில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான், கைக்கு வேலை வேண்டும்.

காரணம் சபைக்கே தெரியும். அவள் மாமியார், அதாவது ஜஸ்டஸின் அம்மா, இறந்தபோது அவனுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. வளைகுடாவில் பிள்ளை மாட்டிக்கொண்டால் அடக்கத்தை வீடியோ எடுத்து அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். ஸ்டுடியோக்காரன் ஒரே ஒரு டிவிடி போட்டுக் கொடுத்தான். அடுத்த கல்யாணத்தைப் படம்பிடிக்கக் கேமராவின் மெமரி கார்டை அழித்தும்விட்டான், அந்த மகராசன். தம்மாமுக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்ப, நேந்திரங்காய் சிப்ஸோடும் நாரத்தங்காய் ஊறுகாயோடும் டிவிடி டப்பாவைச் சேர்த்துப் பொதிந்து கட்டியவள் ரெஜிலாதான். அங்கே ஜஸ்டஸ் திறந்து பார்த்தால் டப்பா காலி.

அன்றைக்கு வந்த போனை அவளால் மறக்க முடியுமா?

"எனக்க அம்மைக்க மொகத்த நான் பாக்கப்பிடாதுன்னு நெனச்சிட்டிய, இல்லியா மைனி?"

அவள் சத்தியம் செய்தாள், அழுதாள், பைபிளைத் தொட்டுச் சொன்னாள். யார் கேட்டார்கள்? வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடியும் டிவிடி அகப்படவில்லை. மூத்த மருமகளுக்கும் மாமியாருக்கும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததே, அந்தப் பழைய கதையை எடுத்து இதோடு முடிச்சுப் போட்டது ஊர். அண்ணி முறைக்கு அவன் அவளை மைனி என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

கார்டு வந்த அன்று மாலை சுபிதா லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். பெற்றவர்கள் தம்மாமில் இருக்க, பள்ளிக்கூடம் போகும்வரை இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. அப்பா முறைத்தாலும் அவள் வருவதை நிறுத்தியதில்லை.

"பெரியம்மா, நான் சின்னதுல சபையில கிறிஸ்மஸ் மரம் விழாவுக்கு ஆடினேன்லா, அந்த சிடி ஒங்ககிட்டதான இருக்கு? ரிசப்ஷன் ஸ்கிரீன்ல போடணும்."

"இருக்கு மக்கா. ஆனா ஒனக்க லேப்டாப்புல சிடி போடுகதுக்கு எடம் எங்க?"

சுபிதா லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து முழித்தாள். ரெஜிலா சிரித்துவிட்டாள். தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் தினப்படி சங்கதி.

"பரண்ல பழைய சிபியு கெடக்கு. அதுக்க டிரைவ கழத்தி வெளிய வச்சே ஓட்டலாம். எடுத்துட்டு வா."

அந்த சிபியு ஒரு ஐப்பசி மழையில் இடி விழுந்து செத்தது. பழைய இரும்புக்காரன் வரும்போதெல்லாம் தூக்கிப் போடலாம் என்பாள் ரெஜிலா. அவள் கணவர் ஜாஸ்பர் விடமாட்டார். "கெடக்கட்டும், சோறா கேக்குகு?" என்பார். எச்சில் கையால் காக்கா விரட்டாத மனுஷன், இரும்புக்கும் கஞ்சத்தனம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இன்றைக்கும் சாய்வு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அது எதுக்கு இப்ப? கெட்டுப் போன சாதனம். ஓடாது."

"சிபியுதான கெட்டுது? டிரைவ் ஓடுகா இல்லியான்னு பாத்துட்டாப் போச்சு."

"சொன்னா கேக்கியா நீ!" என்று எரிந்து விழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். போனவர் வெளியே போகவில்லை. ஜன்னலோரமே நின்றார்.

ரெஜிலா நான்கு திருகாணியைக் கழற்றி, தூசியை ஊதி, டிரைவை வெளியே உருவினாள். செங்கல் மாதிரி கனம். சென்டரிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த கேபிளின் ஒரு நுனியை அதில் சொருகி, யுஎஸ்பி நுனியை லேப்டாப்பில் குத்தினாள்.

"லேப்டாப்புக்க கரண்டு மட்டும் இதுக்குக் காணாது மக்கா. தனியா கொடுக்கணும்." கேபிளோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

பச்சை விளக்கு மினுங்கியது. உர்ரென்று ஒரு சத்தம் கிளம்பியது.

"ஐ, ஓடுகு பெரியம்மா!"

ரெஜிலாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. கிறிஸ்மஸ் மரம் சிடி இன்னும் சுபிதாவின் கையிலேயே இருந்தது.

"ஏட்டி, நாம இன்னும் சிடியே போடல்லியே. உள்ள என்னத்த சுத்துகு?"

திரையில் டிரைவின் படம் வந்தது. அவள் கிளிக் செய்தாள். சபைக் கோயில் மணி கேட்டது. பிறகு பூ, வெள்ளைத் துணி, அதன் நடுவே மாமியாரின் முகம்.

தூக்கிவாரிப் போட்டது ரெஜிலாவுக்கு. "எனக்க ஏசப்பா" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. திரையில் பெட்டியின் தலைமாட்டில் அவளே உட்கார்ந்திருந்தாள். மாமியாரின் நெற்றியில் உட்கார வந்த ஈயை முந்தானையால் விரட்டிக்கொண்டே, விடாமல் அழுதுகொண்டிருந்தாள். இதைத்தானே நான் ஒளித்து வைத்தேன் என்று சொன்னார்கள்! யார்? யார் இதை உள்ளே போட்டது?

நிமிர்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஜாஸ்பர் நின்றார். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. அந்த முகம் ஒன்றே போதுமாயிருந்தது.

"நீங்களா?"

அவர் உள்ளே வந்தார். வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "டிவிடி தம்மாமுக்குப் போகுகதுக்கு மின்ன ஒருக்கா அம்மைய பாத்துடலாம்னு போட்டேன். பாத்துட்டு இருக்கச்சிலதான் இடி விழுந்து. பட்டன அமுக்கினா தெறக்கல்ல. டப்பாவ நீ பொதிஞ்சு குடுத்துட்ட, அந்த ஆளும் வெளுக்க மின்னயே போயாச்சு. பொறவு அவன் போன்ல கத்துகான், யாரு பொதிஞ்சான்னு. ரெஜிலாதான்னு சொன்னேன். அது உள்ளதுதான?"

உள்ளதுதான். அந்த உள்ளதைச் சுமந்துகொண்டு அவள் எத்தனை கல்யாணத்துக்கும் எத்தனை சாவுக்கும் தலை குனிந்து போய் வந்திருக்கிறாள்! பக்கத்திலேயே படுத்திருந்த மனுஷன் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார்.

ரெஜிலா கத்தவில்லை. டிரைவின் முகப்பில் இருந்த ஒரு பொடி ஓட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்னன்னு தெரியுமா? கரண்டு இல்லாட்டாலும் இதுக்குள்ள ஒரு ஜெம் கிளிப்ப நிமித்தி விட்டுக் குத்தினா தட்டு வெளிய வந்துரும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணைக்கே எடுத்துத் தந்திருப்பேனே!"

"நீ ஏசுவன்னு பயந்தேன்."

"ஏசத்தான செய்திருப்பேன்!"

அதற்குள் சுபிதா அழுதுகொண்டே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திரைக்கு நேரே பிடித்திருந்தாள். மறுமுனையில் அம்மா, அம்மா என்று ஜஸ்டஸ் குழந்தையைப் போல விம்முவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து,

"மைனி" என்றான் ஜஸ்டஸ். "மைனி, நிக்கியளா? இது எங்க இருந்து மைனி? யாருக்க கையில இருந்து இவ்வளவு நாளும்?"

ஜாஸ்பர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. பரணில் கிடந்தது, தெரியாமல் போய்விட்டது என்று ஒரு சொல் சொன்னால் எல்லாருக்கும் நல்லதாய் முடிந்துவிடும். அது அவளுக்கும் தெரிந்தது.

ரெஜிலா போனை வாங்கினாள்.

"ஒங்க அண்ணன் இங்கதான் நிக்கியாவ. அவியகிட்ட கேளு" என்றாள்.

போனை ஜாஸ்பரின் கையில் வைத்தாள். இந்தத் தடவை என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக அங்கேயே நின்றாள்.