பாதி வாள்

அன்று காலையும் மூன்றாவது இழுப்பில்தான் பிடித்தது. மரம் அறுக்கிற எங்கள் வாளுக்கு, அதாவது செயின்சாவுக்கு, அது வழக்கம். முதல் இழுப்பில் தொண்டையைச் செருமும். இரண்டாவதில் ஒன்றும் இருக்காது, கயிறு வெறுமனே போய்த் திரும்பும். மூன்றாவதில் எழுந்துகொள்ளும். அண்ணன் மாவான் படகுத்துறைப் பாறையில் அதை வைத்து, பின்கைப்பிடிக்குள் ரப்பர் ஷூவின் முனையை நுழைத்து அழுத்திக்கொண்டு இழுத்தான். கொஞ்ச நேரம் உறும விட்டு, அணைத்து, படகின் நடுவில் கோணிமேல் படுக்கவைத்தான். நான் பெட்ரோல் கேனையும் கயிற்றுச் சுருளையும் எடுத்து வைத்தேன். மேலே படிக்கட்டின் தலையில் அண்ணி லெந்தா நின்றுகொண்டிருந்தாள். கையில் இலைப் பொட்டலங்கள்.

"சோத்த விட்டுட்டுக் கெளம்பிட்டீங்க. மரத்தையே தின்னுட்டு வரலாம்னு யோசனையா?"

"உன் சோத்தவிட மரம் மெத்துன்னு இருக்கும்," என்றான் மாவான். அவள் முதல் பொட்டலத்தை வீசினாள். அவன் பிடித்துக்கொண்டான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

வாள் எங்கள் இருவருக்கும் பொது. பாலே ஆற்றின் மேல்பகுதியில் ஒரு மரக் கம்பெனி முகாமில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது சேர்ந்து வாங்கினோம். பாதி அவனுடையது, பாதி என்னுடையது. எந்தப் பாதி யாருடையது என்று பேசிக்கொண்டதில்லை, ஆனால் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. தகடும் அதைச் சுற்றி ஓடுகிற பல் சங்கிலியும் அவன் பொறுப்பு. தினமும் காலையில் வாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று முறை அரம் போடுவான். வேறு யாரையும் தொட விடமாட்டான். ஆள் மாறினால் பல்லின் சாய்வு மாறும், சாய்வு மாறினால் வாள் ஒரு பக்கமாக இழுக்கும் என்பான். என்ஜின் என் பொறுப்பு. முகாமில் பட்டறையில் இருந்தவன் நான். கார்புரேட்டர், பிளக், இழுகயிற்றின் சுருள்வில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன்.

அந்தக் காலைக்குப் பத்தொன்பது நாள் முன்னால் பெட்ரோல் குழாய் வெடித்துவிட்டது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர் துண்டு. காப்பிட் டவுன் கடையில் அசல் இல்லை, அடுத்த மாதம் வரும் என்றார்கள். அதே கடைவீதியில் மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற குழாய் தொங்கியது. அளவு பொருந்தியது. வாங்கி வந்து வெட்டிச் செருகினேன். அந்தக் குழாய் பெட்ரோலில் ஊறினால் நாளாக நாளாக இறுகி விரிசல் விடும், விட்டால் என்ஜின் பாதியில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்தேன்.

"மீன் தொட்டிக் குழாயா?" என்றான் மாவான். "இனிமே மெஷின் நீந்துமாடா?"

"நீ வெட்டு. அது நீந்துனா நான் புடிச்சிக்கிறேன்."

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முன்பக்கம் வாய் வெட்டி எடுத்து, பின்பக்கம் அறுத்துக்கொண்டு வந்து, நடுவில் நாலு விரல் மரம் மிச்சம் இருக்கும்போது வாளை அணைத்துவிடுவான். தலையைச் சாய்த்துக் கேட்பான். உள்ளே நார் அறுபடுவது கேட்கும் என்பான். பிறகு ஆப்பு அடிப்பான், மரம் அவன் சொன்ன பக்கம் போகும். முகாமில் எல்லோரும் கேலி செய்வார்கள். "மரம் என்ன சொல்லுது?" என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். "உன் தம்பி சோம்பேறின்னு சொல்லுது" என்று அவன் ஒவ்வொரு முறையும் சொல்வான். ஆனால் சாய்ந்த மரத்தில் மட்டும் நிறுத்தமாட்டான். சாய்ந்த மரத்தைப் பாதி அறுத்துவிட்டு நின்றால் அது நெடுக்காகப் பிளந்து அடிப்பகுதியால் உதைக்கும். அங்கே ஒரே மூச்சில் அறுத்துவிட்டு ஓட வேண்டும். இது காட்டில் இறங்கிய எல்லோருக்கும் தெரியும்.

அன்று நாங்கள் போனது அவன் வீட்டுத் தரைக்குப் பலகை எடுக்க. தூண்களின் மேல் எல்லோரும் ஒரே கூரையில் வாழ்ந்த பழைய நீண்ட வீடு எரிந்து போய், இருபத்திரண்டு குடும்பமும் புது வீட்டில் அவரவர் அறைக்கு அவரவரே பலகை போட்டுக்கொண்டிருந்தோம். மாவானின் அறையில் பாதிக்குத்தான் தரை இருந்தது. மீதி வெறும் குறுக்குச்சட்டம். மெராந்தி மரம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். விழுத்திய இடத்திலேயே பலகையாக அறுத்து ஆற்றில் இறக்குவதாக யோசனை.

அந்த மரம் நேரா, சாய்வா? அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய்ப் பார்த்துவிட்டேன். அடிமரம் மட்டும் இருக்கிறது. அது எதையும் சொல்லவில்லை. என் நினைவில் அது ஆற்றுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நேர் என்று நினைத்துக்கொண்டால் நேராகவும் தெரிகிறது.

நான் அறுபது தப்படி தள்ளி ஓடையோரம் உட்கார்ந்து, பலகைக்குக் கோடு அடிக்கிற கயிற்றைப் பழைய என்ஜின் ஆயிலில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். வாளின் சத்தம் நின்றது. கேட்கிறான் என்று நினைத்தேன். "மரம் என்ன சொல்லுது?" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பிளந்தது.

ஓடிப் போனபோது அவன் அடிமரத்துக்குப் பின்னால் கிடந்தான். மார்பில் அடி. செய்வதற்கு ஒன்றும் இல்லை. வாள் இரண்டு கை தள்ளி, பெரணிச் செடிகளுக்குள் பக்கவாட்டில் கிடந்தது. என்ஜின் ஓடவில்லை. அவனைப் படகுக்குத் தூக்கி வந்தேன். திரும்பிப் போய் வாளையும் எடுத்து வந்தேன். ஏன் எடுக்கப் போனேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. காட்டில் வாளை விட்டுவிட்டு வருவது எங்களுக்குப் பழக்கமில்லை. பாதி ஆறு கடந்தபோதுதான் சுவிட்சைப் பார்த்தேன். அணைந்த பக்கம் இருந்தது.

அவன் அணைத்திருந்தால் அப்படித்தான் இருக்கும். தானாக நின்றிருந்தால் சுவிட்ச் ஓடுகிற பக்கமே இருக்க வேண்டும். ஆனால் வாளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் அந்த சுவிட்சைத் தள்ளிவிடும். பட்டறையில் பதினோரு வருடப் பழக்கம். ஓடாத வாளை எடுத்தாலும் தள்ளும். அன்று தள்ளியதா என்று என் விரலுக்கும் நினைவில்லை.

மறுநாள் கூடத்தில் குழியில் அவனோடு வைக்க வேண்டிய பொருள்களைச் சேர்த்தார்கள். எங்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவர்கள். இருந்தாலும் போகிறவனை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அவன் வெட்டுக்கத்தி, தொப்பி, தட்டு, சிகரெட் இரண்டு பாக்கெட். எல்லாவற்றையும் கொஞ்சம் உடைத்தோ கீறியோதான் வைக்க வேண்டும். இங்கே உடைந்தது அங்கே முழுசாகும். பெரியவர் அஞ்சாய்தான் வீட்டுத் தலைவர். அவர் தட்டின் விளிம்பைக் கல்லில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"மெஷின்?"

"அங்க எதுக்கு மெஷின்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அங்கயும் தரை போடணும்ல."

"பெட்ரோல் யாரு குடுப்பா?"

"முன்னாடி போனவங்க கிட்ட வாங்கிக்குவான். அவன் வாய் சும்மாவா இருக்கும்?"

சிலர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நான் சொன்னேன், "அண்ணனோடயே போகட்டும். முழுசா. நானே உடைச்சுத் தரேன்."

நல்ல தம்பி என்று யாரோ முணுமுணுத்தார்கள். அறை வாசலில் நின்றிருந்த லெந்தா என்னை உள்ளே வரச் சொன்னாள். தரை முடிகிற இடத்தில் பலகையின் விளிம்பில் உட்கார்ந்து காலைச் சட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டாள். கீழே கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"பாதி உன்னோடதுதான?"

"ஆமா."

"அத வச்சுதான உனக்குச் சோறு?"

"ஆமா அண்ணி."

"போன வருசம் ஒரு பிளக்கு தொலைஞ்சதுக்கு மூணு நாள் என்கூடப் பேசாம இருந்தவன் நீ. இப்ப முழு மெஷினையும் தூக்கிக் குடுக்கிற. ஏன்?"

குழாயைப் பற்றிச் சொன்னேன். காப்பிட் கடை, மீன் தொட்டிக் குழாய், அது இறுகும் என்று தெரிந்தே போட்டது. சுவிட்சைச் சொன்னேன். என் கட்டைவிரலையும் சொன்னேன். அவள் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தானா நின்னுச்சா? இல்ல அவரு நிறுத்துனாரா?"

"தெரியல."

"தெரியலையா? சொல்ல மாட்டியா?"

"தெரியல அண்ணி."

"ஒடச்சுப் பொதச்சுட்டா தெரிஞ்சிருமா?"

வாள் மண்ணுக்குள் போய்விட்டால் யாரும் அதைத் திறந்து பார்க்க முடியாது, நானும்தான். காலையிலிருந்து எனக்கு அந்த நினைப்பு மட்டும்தான் ஆறுதலாக இருந்தது. அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள்.

"தகடும் சங்கிலியும் அவரோடது," என்றாள் அஞ்சாயிடம். "தெனம் அவருதான் அரம் போட்டாரு. அத வளைச்சு வைங்க. என்ஜின் தம்பியோடது. அது இங்கயே இருக்கட்டும்."

"பாதி மெஷின வச்சுக்கிட்டு அவன் அங்க என்னம்மா பண்ணுவான்?"

"இங்க இவன் என்ன பண்ணுவானோ, அதத்தான்."

அது இரக்கமா தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தகட்டை இரண்டு பாறைகளுக்கு நடுவே கொடுத்து நான்தான் வளைத்தேன். நல்ல எஃகு, சுலபமாக வளையவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியை உளி வைத்து அறுத்தேன். பற்கள் முந்தின நாள் காலை அவன் அரம் போட்டபடியே பளபளத்தன. ஒன்று என் விரலைக் கிழித்தது.

துக்கம் முடியும்வரை வீட்டுப் பக்கம் ரேடியோ கிடையாது, கொண்டாட்டம் கிடையாது, வாள் சத்தம் கிடையாது. அது நாலு மாதம் நீண்டது. தகடு இல்லாத என்ஜின் என் அறை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. மற்ற அறைகளில் கைவாளால் அறுத்து அறுத்துத் தரையை முடித்தார்கள். லெந்தாவுக்கும் பலகை தருகிறோம் என்று இரண்டு வீட்டார் வந்து கேட்டார்கள். "மெஷின் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தினமும் சட்டங்களின் மேல் கால் வைத்து நடந்துதான் அடுப்புக்குப் போனாள். என்னிடம் ஒருமுறைகூட எதுவும் கேட்கவில்லை. மீன் கிடைத்தால் எப்போதும்போல என் பங்கை இலையில் வைத்து அனுப்பினாள்.

துக்கம் முடிந்த வாரம் காப்பிட் போய்ப் புதுத் தகடும் சங்கிலியும் வாங்கினேன். கடைக்காரர் ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார். நான் அன்று கேட்ட குழாய், அசல். அது வந்து மூன்று மாதமாகிறதாம்.

மறுநாள் காலை புதுத் தகட்டையும் சங்கிலியையும் மாட்டி, படகுத்துறைப் பாறையில் வாளை வைத்து மூடியைக் கழற்றினேன். மீன் தொட்டிக் குழாய் மஞ்சளாகி, சோளத்தட்டை மாதிரி விறைத்திருந்தது. ஆனால் இடத்தில்தான் இருந்தது. நகத்தால் வருடிப் பார்த்தபோது வளைவில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அது விரிசலா, இப்போது என் நகம் பட்டதா என்று சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் அதைத் தொடவில்லை, பழையதோடு ஓடுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மூடியைப் போட்டுத் திருகினேன். பெட்ரோல் ஊற்றினேன்.

துணிக்கூடையோடு இறங்கி வந்த லெந்தா இரண்டு படி மேலேயே நின்றாள்.

"மாத்திட்டியா?"

"இல்ல. புதுசு பையில இருக்கு."

"பழசுதான் உள்ள இருக்கா?"

"ஆமா."

அவள் ஆற்றைப் பார்த்தாள். பிறகு வாளைப் பார்த்தாள்.

"அப்ப இழு."

ஷூவின் முனையைக் கைப்பிடிக்குள் நுழைத்து அழுத்திக்கொண்டேன். முதல் இழுப்பில் செருமியது. இரண்டாவதில் கயிறு வெறுமனே போய்த் திரும்பியது. லெந்தா கூடையைக் கீழே வைத்தாள்.

மூன்றாவதில் பிடித்தது.