அடித்தல் ஒன்று

மாகறல் பரசுராமனைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வயசாகிவிட்டது, இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது? பொறாமைதான். கலப்படமில்லாத பொறாமை. அது என்னை எதுவரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் சென்னையில் ஒன்றாகச் சட்டம் படித்தோம். அவன் மாகறலில் நெல் போடுகிற வீட்டுப் பிள்ளை. நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை, பெயர் நமச்சிவாயம். ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே பக்கெட்டு. 1967-ல் பி.எல். கடைசிப் பரீட்சையில் இரண்டு பேரும் ஒரே பேப்பரில் கோட்டை விட்டோம். சாட்சியச் சட்டம். மறுபடி எழுத ஆறு மாதம் இருந்தது. அதுவரைக்கும் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஏதாவது ஒரு வேலை பார்த்தாக வேண்டும்.

வக்கீலாகப் போகிறவன் வக்கீல் வீட்டுப் படிதான் ஏற வேண்டும் என்பது என் கணக்கு. சின்ன காஞ்சிபுரத்தில் ஆதிகேசவன் என்று பெரிய சிவில் வக்கீல் இருந்தார். அவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பரசுராமனுக்கும் இன்னொரு வக்கீலிடம் அதே மாதிரி ஒரு வேலை பார்த்து வைத்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டான்.

"வேணாம்பா. கேஸ் கட்டைத் தூக்கிக்கினு எவன் பின்னாலயாவது போவணும். நான் தாலுகா ஆபீசாண்ட உக்காந்து மனு எழுதப் போறேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "டேய், பி.எல். படிச்சிட்டு மரத்தடியில பொட்டி போட்டுக்கினு உக்காரப் போறியா? நாளைக்கு நீ கறுப்புக் கோட்டு போட்டுக்கினு வந்தா எவன்டா மதிப்பான்?"

"ஆறு மாசம்தானே, உடு," என்றான்.

சொன்னபடியே உட்கார்ந்துவிட்டான். ஒரு வேப்பமரம், ஒரு முக்காலி, ஒரு தகரப் பெட்டி. நான் சைக்கிளில் கேஸ் கட்டுகளோடு கோர்ட்டுக்குப் போகும்போது வேண்டுமென்றே அந்தப் பக்கமாகப் போய் மணி அடிப்பேன். அவன் கை தூக்குவான். முதல் மாதம் பெட்டிக்கு முன்னால் ஆளே இருக்காது. அதைப் பார்த்தால்தான் எனக்கு மத்தியானச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட சிநேகிதன் நான்.

ஆதிகேசவன் ஐயாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அவருக்குக் கண்ணில் புரை. வருகிற காகிதம் எதுவானாலும் நான்தான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். இன்னொன்று அவருடைய பிடிவாதம். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால், எந்த வரியில் எந்தச் சொல் அடிக்கப்பட்டது என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் குறிப்புக்குச் சான்று என்று பேர். அது ஊர் உலக வழக்கம். இவர் ஆபீசில் அந்த வழக்கம் பத்திரத்தோடு நிற்காது. ஒருநாள் அவர் வீட்டுச் சலவைச் சீட்டில் நான் 'வேட்டி'யை அடித்து 'துண்டு' என்று எழுதிவிட்டேன். விளக்குக்கு நேரே சீட்டைப் பிடித்து எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"அடிச்சிருக்குது. கீழ சான்று எங்கய்யா? கையெழுத்து எங்க? நாளைக்கி என் வேட்டி காணாமப் போனா எவன் பதில் சொல்றது?"

சலவைக்காரர் கைலாசம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். 'வேட்டி அடித்தல் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் நகல் எடுக்கிற கை. மூன்றாம் மாதத்தில் என்னைக் கேட்காமலே அது சான்று எழுதப் பழகிவிட்டது.

அந்த மூன்றாம் மாதத்தில்தான் வேப்பமரத்தடியில் ஆள் சேர ஆரம்பித்தது. முதலில் மாகறல்காரர்கள். பிறகு ஏனாத்தூர், திருப்பருத்திக்குன்றம் என்று சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம். வரப்புத் தகராறு, பட்டாவில் பேர் மாற்றம், ரேஷன் கார்டு, எல்லாம் அவனிடம். நான் மணி அடித்தால் கை தூக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. நான் மணி அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் செல்லியம்மாள் என்று ஓர் அம்மா ஐயாவிடம் வந்தாள். திருப்பருத்திக்குன்றத்தில் அவள் நிலத்துக்குப் போகிற வழியைப் பக்கத்துக்காரன் முள் போட்டு அடைத்துவிட்டான். தாசில்தாருக்குக் கொடுத்த மனுவின் நகலை வைத்திருந்தாள். நான் படித்தேன். ஐயா கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"ஒரு வார்த்தை வீணில்ல. பாட்டன் காலத்துலேர்ந்து எந்த வழியா ஏர் போச்சு, சாட்சி யாரு, எல்லாம் ஒரே பக்கத்துல. எழுதினவன் யாரும்மா?"

"நம்ம பரசுராமன் தம்பிங்க. மரத்தடியில உக்காந்துக்கினு இருக்குமே," என்றாள் செல்லியம்மாள். நம்ம பரசுராமன்! அவன் பெருமையை என் வாயாலேயே, அதுவும் இரண்டு தடவை படிக்க வைத்துவிட்டார் மனுஷன். மூன்று மாதமாக அவருக்கு மாடு மாதிரி எழுதுகிறேன், ஒரு தடவை கண்ணை மூடிக் கேட்டதுண்டா?

இதுவாவது வெளியில் நடந்தது. அடுத்தது என் வீட்டிலேயே நடந்தது. எங்கள் தறி குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துபோனதால் மழை பெய்தால் தண்ணீர் நேரே குழிக்குள் இறங்கும். முனிசிபாலிடிக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லி அம்மா மூன்று தடவை கேட்டாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றேன். ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நாலு ஆள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கமலவேணி அவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா மனு குடுத்தது?"

"நான்தான். பரசுராமன் எழுதிக் குடுத்துது. 'என் கணவர் முழங்கால் தண்ணீரில் காலை விட்டு முகூர்த்தப் புடவை நெய்கிறார்'னு எழுதிச்சு பாரு, ஆபீசர் படிச்சிட்டு ஆடிப்பூட்டாராம். நல்ல புள்ளைப்பா அது."

"ஏன், நான் செத்தா பூட்டேன்? என்னைக் கேக்கறதுக்கு இன்னா?"

"உனக்கு ஏதுப்பா நேரம்? நீ கட்டு தூக்கிக்கினு போயிட்ற."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். உண்மைதான், வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பரீட்சை எழுதினோம். இரண்டு பேரும் பாஸ். அந்தக் காலத்தில் பாஸானதும் கோர்ட்டில் வாதாடச் சன்னது கிடைத்துவிடாது. ஒரு சீனியரிடம் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும். ஆதிகேசவன் ஐயா ஓர் ஆளைத்தான் எடுப்பார். அந்த ஆள் நான்தான் என்று இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். ஐயா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அந்த மரத்தடிப் பையனும் பாஸாமே? வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அவனை அப்ரண்டிஸா எடுத்துக்கலாம்னு யோசனை. நீ குமாஸ்தாவா தொடர்ந்து இரு, உன் நகல் சுத்தமா இருக்குது," என்றார்.

நகல் சுத்தமாக இருக்கிறதாம். ஆறு மாதம் அவர் கேஸ் கட்டைச் சுமந்ததற்கு அந்தச் சர்டிபிகேட்.

மறுநாள் மத்தியானம் ஐயா தூங்கும் நேரத்தில், அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, அவருக்கே ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். ஆரம்பித்ததே தப்பு. 'என் சிநேகிதன் மாகறல் பரசுராமன்' என்று ஓடிவிட்டது. ஹாஸ்டல் நாளிலிருந்து அவன் பேரை யாரிடம் சொன்னாலும் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்தே சொல்லிப் பழக்கம். ஓர் எழுத்துக்கூடத் தெரியாதபடி அதை மையால் அழுத்தி அடித்துவிட்டு மேற்கொண்டு எழுதினேன். 'மாகறல் பரசுராமன் என்பவர் தாலுகா ஆபீஸ் வாசலில் பொய்ச் சாட்சி பிடித்துக் கொடுக்கும் தரகர். இவரைச் சேர்த்தால் தங்கள் பேருக்குத்தான் கேடு.' உள்ளே ஐயா இருமினார். எழுந்து வருகிறார் என்று பயந்து அவசர அவசரமாக முடித்து, திருப்பிப் படிக்காமல் மடித்து ஒட்டி, ஓடிப்போய்த் தபாலில் போட்டேன்.

எனக்கு அதில் ஓர் அல்ப சந்தோஷம்கூட இருந்தது. தபாலைப் பிரித்துப் படிப்பவன் நானேதான். ஐயோ, பரசுராமனா இப்படி என்று முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடப் பழகிவைத்தேன்.

கடுதாசி வெள்ளிக்கிழமைதான் வந்தது. பரசுராமன் வந்து ஐயாவுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்துச் சிரித்தான். ஐயா, "இரு தம்பி, தபாலை முடிச்சிடுவோம்," என்றார். என் கடுதாசி மூன்றாவதாக இருந்தது. படித்தேன். 'தரகர்' என்ற இடத்தில் பரசுராமனின் சிரிப்பு நின்றது. 'கேடு' வரைக்கும் வந்தேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் காகிதத்தை மடித்துவிட்டேன்.

"அவ்ளோதானா?" என்றார் ஐயா.

"அவ்ளோதாங்க ஐயா."

"தம்பி, நீ வாங்கிப் பாரு. யாரு எழுத்துன்னு தெரியுதா? உனக்கு ஆவாதவன் எவனாவது இருப்பான்."

பரசுராமன் வாங்கினான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "எழுத்து தெரியலீங்க. கீழ இன்னும் ஒரு வரி இருக்குதுங்களே," என்று கள்ளமில்லாமல் சத்தமாகப் படித்தான்.

"முதல் வரியில் 'என் சிநேகிதன்' என்ற சொற்கள் அடித்தல் ஒன்று."

பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை.

மொட்டைக் கடுதாசியில் அடித்தலுக்குச் சான்று எழுதுகிற முட்டாள் இந்தப் பூமியில் ஒரே ஓர் ஆபீசில்தான் இருக்க முடியும். ஐயாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கத்தவில்லை. பரசுராமனிடமிருந்து காகிதத்தை வாங்கி மேஜையில் என் பக்கம் திருப்பி வைத்தார். தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"சான்று போட்டா கீழ கையெழுத்து வேணும்னு எத்தினி வாட்டி சொல்றது, நமச்சிவாயம்?"

போட்டேன். வலது கையால்.

அன்றைக்கே வேலை போயிற்று. ஊரில் வேறு எந்த வக்கீலிடம் போய் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது? இரண்டு நாள் ஏகாம்பரேஸ்வரர் கோயில் பக்கம் சும்மா சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா ஒரு சாவியை நீட்டினாள்.

"பரசுராமன் வந்துச்சு. அதுக்கு வக்கீலாண்ட எடம் கெடச்சிடுச்சாமே. மரத்தடிப் பொட்டி சாவியைக் குடுத்துட்டுப் போச்சு. எடத்தைச் சும்மா உட்டா வேற எவனாவது புட்ச்சிப்பானாம், உனக்கு ஒரு சீனியர் கெடைக்கற வரைக்கும் உன்னை உக்காரச் சொல்லுச்சு. எனுக்கு ஒரு புள்ளை இப்டி பொறக்கலியேன்னு இருக்குது, போ."

"வேற எதுனா சொன்னானா?"

"வேற இன்னா சொல்லணும்?"

அவன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடைசியில் நல்லவன் என்ற பேரையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாவியைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன். திங்கட்கிழமை போய் அவன் முக்காலியில் உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் நறுக்கி வைத்த காகிதம், மைக்கூடு, எல்லாம் வரிசையாக இருந்தன. முதல் ஆளாக ஏனாத்தூரிலிருந்து முனுசாமி என்று ஒருவர் வந்தார். கையில் பழைய பட்டா.

"பரசுராமன் இல்லீங்களா?"

"இல்லீங்க. ஆதிகேசவன் வக்கீலாண்ட சேந்துட்டாரு. உக்காருங்க, மனு நான் எழுதித் தரேன்."

அவர் உட்காரவில்லை. அந்த வக்கீல் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். வழி சொன்னேன். நாலு அடி நடந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"போய் யாரு சொன்னாங்கன்னு சொல்லட்டும்? நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை அடித்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மேஜையில் கிடக்கிறது.

"தெரிஞ்சவன்," என்றேன்.