எட்டு மணி ஊசி

சிம்ரன் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோதே அப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த தேவசகாயம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். இப்போது மணி எட்டு.

"மாசமா இருக்கறவ பொணத்துகிட்ட வரக்கூடாது. உள்ள போய்ப் படும்மா," என்றாள் அம்சா அத்தை. அப்பாவின் தங்கை, கூரத்திலிருந்து வந்திருந்தாள்.

"ஊசி போட்டுக்கணும் அத்தை."

"ஒரு வேளை போடாட்டி என்னா?"

"வால்வுல ரத்தம் கட்டிக்கும்."

சிம்ரனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. பதினாறு வயதில் உலோக வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை; கர்ப்பமானதும் அதை நிறுத்தி, காலையும் மாலையும் வயிற்றில் ஊசி.

"எனக்கு நீ போதும்மா. ஒன்ன குடுத்துட்டு, பேரப்புள்ளைய வச்சிக்கினு நான் என்னா பண்ணுவேன்?" என்றார் அப்பா, அவள் கர்ப்பம் என்று தெரிந்த அன்று.

"நான் பெத்துக்குவேன்பா."

அன்றோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் அவள் கணவன் மணிவண்ணனுக்கு ஊசியைக் கண்டாலே கை நடுங்கும் என்று தெரிந்ததும், நர்ஸிடம் போய்ச் சாத்துக்குடியில் குத்திப் பழகிவந்தவர் அவர்தான். ஐந்து மாதத்தில் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

"நர்ஸ கூட்டினு வரட்டா?" என்றான் மணிவண்ணன்.

"அவங்க பத்து மணிக்குதான் வருவாங்க. நீ கதவச் சாத்து."

கட்டிலில் சாய்ந்து, வயிற்றின் பக்கவாட்டுச் சதையைப் பிடித்துக் குத்தினாள். மருந்தை ஏற்றியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. அப்பா வாய்விட்டு எண்ணுவார். இத்தனை மாதத்தில் அவளுக்கு முன் அவர் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

எண்ணினாள். ஏழில் குரல் உடைந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, "எட்டு," என்றாள்.

வெளியே வந்தபோது அத்தை கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"யாரு போட்டா?"

"நான்தான்."

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம், "கொஞ்சம் நவுருங்கமா," என்றாள். தலைமாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டாள். "கால தொங்கப்போடாத, வீங்கிடும்," என்று ஸ்டூலையும் இழுத்து வைத்தாள்.

சிம்ரன் உட்கார்ந்தாள். கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தாள். அப்பாவின் நெற்றி தெரிந்தது. மீண்டும் மங்கியது. மறுபடி துடைத்தாள்.