சவுக்கின் அடிமண்

மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பது சுனாமிக்குப் பிறகு காத்தமுத்துவுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குள் கடல் ஏறி இறங்கியபின், எந்த மண் உருப்படும் என்று நாக்குதான் சொன்னது. அங்கிருந்து கராச்சர்மா ஊருக்குக் குடிவந்து எட்டு வருஷம் ஆகியும் அது விடவில்லை.

வேலியோரம் வைத்த மிளகாய் மூன்றாம் முறையும் மஞ்சளடித்துக் குன்றிப் போயிற்று. மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தான். கரிக்கவில்லை. மழை கழுவியிருக்கும் என்று நினைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சொர்ணம்மா கருவாடு போடுகிறவள். மீன் ஊறிய உப்புத் தண்ணீர் வேறு எங்கே போகும்? சுனாமி கேம்பில் ஒரே அடுப்பில் ஆக்கித் தின்ற சொந்தம் அவள். அதனால்தான் அதிகம் எரிந்தது. பஞ்சாயத்துத் தலைவரான பிரதானிடம் சொல்லி நடுவில் சுவர் எழுப்பிவிட முடிவு செய்தான்.

"சொர்ணம்மா, தண்ணிய எங்க ஊத்துற?"

"ஒங்க தலையிலயா ஊத்துனேன்? ரோட்டு நாலியிலதான், அந்தச் சாக்கடையில."

"அப்ப என் மொளகா தானா சாவுதா?"

"என் கீரையுந்தான் சாவுது. நீங்க என்னத்தக் கொட்டுறீங்களோன்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், அண்ணே!"

திருடியே கத்துகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. கையும் களவுமாகப் பிடிக்க, அடியில் ஓட்டை போட்ட இரண்டு டின்களில் வாசல் மண்ணை நிரப்பி, மிளகாய் நட்டு, வேலியோரம் ஒட்டி வைத்தான். தண்ணீர் வடிய அடியில் வைக்க ஒரு கல்தான் கிடைத்தது. ஒன்று கல்மேல், மற்றது தரையில். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். அவள் வேலிக்கு மேலாக உப்புத் தண்ணீர் ஊற்றினால் இரண்டும் சாகும்.

இரண்டு மாதத்தில் கல்மேல் இருந்தது பூ வைத்தது. தரையில் இருந்தது மஞ்சளாகச் சுருண்டது. டின்னைக் கவிழ்த்தான். ஓட்டை வழியாக ஏறி, முடிக்கற்றை போலப் பின்னிக் கிடந்தது சவுக்கு வேர். இந்த ஊருக்கு வந்த வருஷம் கடலுக்குப் பயந்து வேலி நெடுக அவனே வைத்த மரங்கள். கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில்!

வேரை விவசாய ஆபீசுக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த ஜெகநாதன் சார் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சில மரத்து வேர் மண்ணுல ஒரு சரக்கு விடும்பா. பக்கத்துல எதையும் வளர விடாது. சவுக்கும் அந்த ஜாதிதான். உப்பு மாதிரி நாக்குக்குத் தெரியாது."

பிரதான் வீட்டுப் பக்கம் அவன் போகவில்லை. மறுநாள் காலையில் கோடாலியோடு வேலிக்கு வந்தான். அந்தப் பக்கம் சொர்ணம்மா குனிந்து, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு இல்ல சொர்ணம்மா. என் மரந்தான்."

அவள் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"மொதல்ல வெட்டுங்க. கீரை மொளைக்கட்டும், அப்பறம் நம்புறேன்."