அப்பா பதில்

வகுப்பில் அவளுக்கு மிஷின் என்று பெயர். கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை வந்துவிடும். ஐந்தாம் வகுப்பு வரை அப்படித்தான் போனது. ஆனால் முதலில் முடித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன கிடைக்கும்? அதே கணக்கு இன்னொரு பக்கம். அதையும் முடித்தால் மற்றவர்களுடையதைத் திருத்தும் வேலை. அதையும் முடித்தால் ஆபீஸ் அறைக்குப் போய் சாக்பீஸ் வாங்கி வரும் வேலை. ஆறாம் வகுப்பில் அவளுக்குப் புத்தி வந்துவிட்டது. எல்லாரும் முடிக்கும் வரை பென்சிலைத் தாளின் மேல் அசைத்துக்கொண்டே இருக்கப் பழகிக்கொண்டாள்.

இதைக் கண்டுபிடித்தது அந்த வருடம் புதிதாக வந்த கணக்கு டீச்சர். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவர் குனிந்து பார்த்தபோது, மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த பென்சிலில் முனையே இல்லை. எப்போது உடைந்தது என்று கேட்டார். எழுதி முடித்ததும் நானே உடைத்துவிடுவேன் என்றாள் மிஷின், பயப்படாமல்.

டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா லிப்ட் மெக்கானிக். கிரீஸ் கறையோடு வந்து, எதிலும் கறை பட்டுவிடக் கூடாதே என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டீச்சர் நிறையப் பேசினார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும், அவர்களே ஆளனுப்பிச் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள் என்றார். தெரிந்த பிள்ளையைத் தெரிந்ததிலேயே உட்கார வைப்பது தண்டனை என்றார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மனைவி போன பிறகு தலையாட்டுவது அவனுக்கு வசதியாக இருந்தது. ஆட்டினால் விட்டுவிடுகிறார்கள்.

அவன் மனைவி இறந்துபோய் ஒன்றரை வருடம். நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. அழவில்லை, குடிக்கவில்லை, யாரிடமும் எரிந்து விழவில்லை. ஆள் நன்றாகத் தேறிவிட்டான் என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். காலையில் மட்டும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அலாரம் அடித்து அடித்து அதுவே ஓய்ந்துபோகும். காது கேட்கும், கண்ணும் திறந்திருக்கும், உடம்பு வராது. மகள்தான் குழாயில் கைகளை நனைத்துக்கொண்டு வந்து அவன் இரண்டு காதுகளிலும் வைப்பாள். அப்போது எழுவான்.

இன்னொன்றுக்கும் எழுவான். தலைமாட்டில் இருக்கும் சர்வீஸ் போனுக்கு. இந்தப் பகுதியில் யார் லிப்டில் மாட்டிக்கொண்டு மணிப் பொத்தானை அழுத்தினாலும் அந்த போன்தான் அடிக்கும். முதல் மணியிலேயே கை போய்விடும். "லிப்ட் சர்வீஸ். பயப்படாதீங்க. எந்த பில்டிங்?" என்று வாய் தானாகச் சொல்லும்.

சோதிக்க வந்த அம்மா இரண்டு நாட்கள் பள்ளிக்கூடத்தின் நூலக அறையில் உட்கார்ந்திருந்தார். மிஷின் உள்ளே போய் வந்தாள். மறுநாள் அப்பாவையும் டீச்சரையும் கூப்பிட்டு, நல்ல பெண், ஒழுங்காகப் பேசுகிறாள், ஆனால் சராசரிதான் என்றார். சராசரி என்பது ஒன்றும் வியாதி இல்லை என்று ஆறுதலும் சொன்னார்.

டீச்சர் விடுவதாக இல்லை. அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்டார். அந்த அம்மா நாலைந்து சொன்னார். இரண்டு, ஆறு, பன்னிரண்டு, இருபது, அடுத்து என்ன என்று கேட்டால் இருபத்தெட்டு என்கிறாள்.

சரிதானே என்று நினைத்தான் அப்பா.

ஒரு கயிற்றைப் பத்துத் துண்டாக்க எத்தனை முறை வெட்ட வேண்டும் என்றால் பத்து என்கிறாள். பின்னே எத்தனை என்று நினைத்தான். மூன்று பேர் மூன்று மணி நேரத்தில் மூன்று சுவருக்கு வர்ணம் அடித்தால், ஒருவர் ஒரு சுவரை அடிக்க ஒரு மணி நேரம் என்கிறாள். இதிலும் அவனுக்குத் தப்பு தெரியவில்லை. பிள்ளை எல்லாமே சரியாகத்தானே சொல்லியிருக்கிறது, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று ஒரு நிமிடம் குழம்பினான்.

"இது ஒண்ணு கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு," என்றார் அந்த அம்மா. "கடிகாரம், தராசு, தெர்மாமீட்டர், திருகாணி. இதுல எது சேராதுன்னு கேட்டேன். மத்த மூணும் அளக்கிறது, அதனால திருகாணின்னு சொல்லணும். இவ தெர்மாமீட்டர்னு சொன்னா. ஏன்னா அது மட்டும்தான் ஆஸ்பத்திரியோடதாம்."

அவனைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

சாப்பிடும் நேரத்தில் அவன் மனைவி ஆடிய விளையாட்டு அது. மகளிடம் எதைக் கேட்டாலும் பட்டென்று சரியான விடை வந்துவிடுவதால் சுவாரசியம் இல்லாமல் போனது. அதனால் மனைவி விதியை மாற்றினாள். உன் பதில் வேண்டாம், அப்பா என்ன பதில் சொல்வார், அதைச் சொல். மகள் அம்மாவின் காதில் சொல்வாள். பிறகு அவனைக் கேட்பார்கள். அவன் நன்றாக யோசித்துத் தப்பாகச் சொல்வான். இரண்டும் ஒன்றாக இருந்தால் மகளுக்கு ஒரு புள்ளி. சரியான விடைக்கு ஒரு வழிதான், தப்பான விடையைச் சரியாகப் பிடிக்க ஆளையே படிக்க வேண்டும் என்பாள் மனைவி. அந்த விளையாட்டுக்கு அப்பா பதில் என்று பெயர். அவள் போன பிறகு யாரும் ஆடவில்லை.

நூலக அறையில் மகள் ஆடியிருக்கிறாள். ஒரு கேள்வி விடாமல்.

பெற்றவர்கள் கேட்டால் இன்னொரு முறை சோதிப்போம், வெள்ளிக்கிழமை வரை இங்கேதான் இருப்பேன் என்றார் அந்த அம்மா. டீச்சர் அவன் முகத்தையே பார்த்தார். "இருக்கட்டுங்க," என்றான்.

திரும்பும் வழியில் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நடைபாதை ஓரத்தில் இரண்டு களவாணிகள் போல நின்று தின்றார்கள்.

அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்று இந்த உலகத்தில் இருவருக்கு மட்டுமே தெரியும், இருவரும் வாயைத் திறக்கப் போவதில்லை. எல்லாம் இருந்தபடியே இருக்கும். சாயங்காலம் அவள் வீட்டுப் பாடம் செய்தாள். சீக்கிரம் முடித்துவிட்டு, யாருமே கேட்காத போதும், பென்சிலை அசைத்துக்கொண்டிருந்தாள். பழகிவிட்டது போலிருக்கிறது. அவன் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பிடித்துக்கொண்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"உடைஞ்ச பென்சில வச்சுக்கிட்டு இன்னும் ஆறு வருஷம் அசைப்பா சார். அப்புறம் அசைக்கிறது மட்டும்தான் வரும்."

தலையாட்டினான். இந்தத் தடவை ஆட்டியும் விடவில்லை. டீச்சரின் வார்த்தை கூடவே வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் கட்டடத்து லிப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே அவனும் மகளும். கதவுப் பூட்டு தேய்ந்திருப்பதும், அது விலகினால் லிப்ட் நின்றுவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் மாற்றியவன், சொந்தக் கட்டடத்துப் பூட்டை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தான்.

மகள் மணிப் பொத்தானை அழுத்தினாள். அவன் சட்டைப் பையில் சர்வீஸ் போன் அடித்தது. கை தானாக எடுத்தது.

"லிப்ட் சர்வீஸ். பயப்படாதீங்க. எந்த பில்டிங்?"

பொத்தான்களுக்கு மேலே இருந்த சின்ன ஓட்டைகள் வழியாக அவன் குரலே அவனைப் பயப்படாதீங்க என்றது. மகள் சிரித்த சிரிப்பில் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான்.

கூட வேலை செய்யும் மூத்த மெக்கானிக்குக்கு போன் செய்தான். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததால் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். லிப்ட் மெக்கானிக்கே லிப்டில் மாட்டிக்கொண்டானா, இதை ஆபீஸ் சுவரில் எழுதி வைக்காமல் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நகரத்தின் அந்தக் கோடியில் இருப்பதால் நேரம் ஆகும் என்றார்.

அவனும் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கதவின் இடுக்கில் மூன்றாவது மாடித் தரையின் விளிம்பு தெரிந்தது. கைக்கெட்டும் தூரம்தான். கதவை நீங்களாகத் தள்ளாதீர்கள், உட்காருங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். உட்கார்வது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியாது.

"கயித்த பத்து துண்டாக்கணும்னா எத்தன வெட்டு?" என்று கேட்டான்.

மகள் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்து."

"அது என் பதில். உன்னோடது என்ன?"

செருப்பு வாரைக் கழற்றித் திரும்ப மாட்டிவிட்டு, "ஒம்பது," என்றாள். "கடைசி வெட்டுல ரெண்டு துண்டு வரும்ப்பா. அம்மா உனக்கு எத்தன தடவ சொல்லிருக்காங்க."

"நான் புரிஞ்ச மாதிரி தலையாட்டியிருப்பேன்."

"தெரியும்."

"ஏன் பாப்பா அப்படி செஞ்ச?"

"அங்க ஹாஸ்டல்ல தங்கணும்." அது போதும் என்பது போல நிறுத்தினாள். அவன் அவள் பக்கமாகத் திரும்பி உட்காரவே சொன்னாள். "காலைல உன்ன யாரு எழுப்புவா?"

அலாரம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

"நீ எழுந்திருக்க மாட்ட. வேலைக்குப் போக மாட்ட. அப்புறம் வேலையும் போயிடும். அப்புறம் சாப்பாடு செய்ய மாட்ட. நான் எல்லாம் போட்டுப் பாத்துட்டேம்ப்பா. வேற விடை வரல."

அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு தகப்பன் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கும் வேறு விடை வரவில்லை.

"தெர்மாமீட்டர எப்படிப் பிடிச்ச?"

"அது கஷ்டமா இருந்துச்சு. ரொம்ப நேரம் யோசிச்சேன். கரெக்ட்டா?"

"கரெக்ட்டு."

"அப்படித்தான் இருக்கும்னு தெரியும். ஆனா புள்ளிய யாரு கிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."

லிப்டின் விளக்கு ஒரு முறை மங்கித் திரும்ப எரிந்தது. அவன் அவள் தலையில் கை வைத்தான். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

"நீ போக வேணாம்னுதான் எனக்கு இருக்கு," என்றான்.

"தெரியும். அதான் ஐஸ்கிரீம்."

"எழுந்திருக்கிறது என் வேலை. அத நீ பாக்காத."

"உன்னால முடியாதுப்பா," என்றாள். அது திட்டு இல்லை. விடையைச் சொல்வது போலச் சொன்னாள்.

மாப்பிள்ளை வந்து, மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய், லிப்டை மெல்ல மூன்றாவது மாடிக்கு ஏற்றிக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே உட்கார்ந்து சீட்டாடினீர்களா என்று கேட்டார். மகள் வெளியே வந்ததும் திரும்பி அந்த மணிப் பொத்தானையே பார்த்தாள்.

"இந்த போன மட்டும் எப்படிப்பா முதல் மணியிலயே எடுக்கற?"

"உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டு காத்துக்கிட்டிருப்பாங்க இல்ல."

மிச்சம் ஒரு மாடியைப் படியில் ஏறினார்கள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பென்சில் இல்லாமல் கணக்குப் போடும்போது அவள் அப்படித்தான் இருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஈரக் கைகளை வைத்துத்தான் அவனை எழுப்பினாள். எழுந்து, அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய், நூலக அறைக் கதவைத் தட்டி, இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்டான். சொல்லி முடித்ததும், கையில் இருந்ததைக் கிணற்றில் போட்டவன் போல வெறுமனே நின்றான். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தாழ்வாரத்தில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் முகவாயை இடிக்க, மடங்கி உட்கார்ந்திருந்தான். எழுந்து போகவும் முடியவில்லை, உள்ளிருந்து வரும் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

அந்த அம்மா வெளியே வந்து மகளைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார்.

"இன்னைக்கு எல்லாமே சரி. அன்னைக்கு ஏம்மா அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். அது வேற ஒருத்தரோட பதில்னு சொல்றா."

"அந்த ஒருத்தர் நான்தாங்க," என்றான்.

பக்கத்தில் வந்து நின்றிருந்த டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்னவென்று தெரியவில்லை.

அடுத்த மாதம் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தான். விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு விடுவார்களாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் இரண்டு அறையும் ஒரே அறையாகச் சுருங்கிவிட்டது போலிருந்தது. படுத்தான். விடிந்தது. அலாரம் அடித்து ஓய்ந்தது. கண் திறந்திருந்தது. விட்டத்தில் மின்விசிறி ஓடுவது தெரிந்தது. உடம்பு வரவில்லை. அவள் போட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது என்று படுத்தபடியே நினைத்தான்.

சர்வீஸ் போன் அடித்தது.

"லிப்ட் சர்வீஸ். பயப்படாதீங்க. எந்த பில்டிங்?"

மறுமுனையில் வாளிகள் உருளும் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும். அதற்கு நடுவில் மகள் தங்கள் கட்டடத்தின் பெயரைச் சொன்னாள். நான்காவது மாடி என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "எத்தன பேரு உள்ள?" என்று கேட்டான்.

"ஒருத்தர்தான். எழுந்து உக்காந்தாச்சா?"

"ஆச்சு," என்றான் படுத்துக்கொண்டே.

"அது அப்பா பதில்."

காலைக் கீழே இறக்கி உட்கார்ந்தான். தரை சில்லென்று இருந்தது. "இப்ப ஆச்சு."

"நேத்து ராத்திரியே என் பென்சில் முனை உடஞ்சு போச்சுப்பா."

"நீ உடச்சியா?"

"இல்ல. எழுதறப்ப."

அங்கே மணி அடித்தது. அவள் வைத்துவிட்டாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு குழாயடிக்குப் போய்க் கைகளை நனைத்து, இரண்டு காதுகளிலும் தானே வைத்துக்கொண்டான்.