தவறான கடவுச்சொல்

அலுவலகக் கணினிகளில் உள்நுழையும்போது வரும் பிழைகளின் பதிவுகளைக் காட்டும் திரையில், பெயரை வைத்துத் தேடும் வசதியை அவள் அன்றுதான் சேர்த்து முடித்தாள். சரிபார்க்கப் பட்டியலைத் திறந்ததும் தூக்கிவாரிப் போட்டது. நான்கு மாதத்துக்கு முன் இறந்துபோன அலுவலகத்துப் பக்கத்து இருக்கை அண்ணனின் பெயர் அதில் இருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு, 'தவறான கடவுச்சொல்'. இன்றைக்கும்கூட.

அவருடைய மனைவியை அழைத்தாள். "அண்ணி, அண்ணனோட ஆபீஸ் லேப்டாப் உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமாம்மா. அவர் வேலையில உட்கார்ற நேரத்துக்கு, பாஸ்வேர்டா தோணுறதை அடிச்சுப் பார்ப்பேன். திறக்காதப்போ, அவர் உள்ளே இருக்கிற மாதிரியே இருக்கு. தப்பாம்மா?"

"தப்பில்லை அண்ணி."

அண்ணனின் கணக்கை மூட அவளுக்கு மனம் வரவில்லை. வேறு யார் கண்ணிலும் படாதபடி அந்தப் பெயரை மறைக்க திரையில் ஒரு வடிகட்டியைச் சேர்த்தாள். மறுநாள் பத்து மணிக்கு, தனக்கு மட்டும் அந்த வடிகட்டியை நீக்கிப் பார்த்தாள். அந்தப் பெயர் வந்திருந்தது.